போதகர்க்கு வேண்டிய கல்வி யாது?



சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில் நம் சங்கத்தார் முன் ஒரு கேள்வி எழுந்தது. பட்டம் பெற்ற நம் பெண் ஒருத்தி, தம்ம போதனைக்குரிய பயிற்சியையும் சமூக நீதிப் பணியையும் ஒருங்கே கற்பிக்கும் மேற்படிப்பில் சேர விரும்புகிறாள். அதற்கு நம் சங்கத்தின் சிறு நிதியிலிருந்து உதவலாமா என்பதே அக்கேள்வி. ஒரு சாரார், “போதகர்க்கு வேண்டுவன சீலமும் சூத்திரமுமே, சட்டமும் மனுவும் வக்கீல்களின் வேலை” என்றனர். மறு சாரார், “இந்நாளில் வேண்டுவது வழக்கும் போராட்டமுமே, சூத்திரம் ஓதுவதால் யாருக்கு என்ன நியாயம் கிடைத்தது?” என்றனர். இறுதியில் எல்லோரும் நம் முகத்தை நோக்கினர். நாம் விடை கூறாமல் எழுந்து வந்தோம். விடை தெரியாமையன்று காரணம், நாணமே காரணம். அந்நாணத்தின் வரலாற்றை மறைக்காமல் எழுதுவதே இக்கேள்விக்கு நாம் தரக்கூடிய நேர்மையான விடை.

நாம் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளியில் பயின்றவர் அல்லோம். பதினேழாம் வயதில் பெங்களூரில் ஒரு பஞ்சாலையின் நூற்புப் பகுதியில் சேர்ந்தோம். இரவு ஷிப்டு முடிந்து வந்து, பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூல்களை எழுத்துக் கூட்டிப் படித்தே தம்மத்தை அறிந்தோம். ஆலை மூடப்பட்ட பின்னர்த் தம்மப் பணியே நம் தொழிலாயிற்று. தானே கற்றவனுக்கு ஒரு செருக்கு உண்டு, பட்டம் பெற்றவரைக் கண்டால், “இவருக்கு ஏடு தெரியும், வாழ்வு தெரியுமா?” என்று உள்ளூர நகைப்பான். நாமும் நெடுங்காலம் அவ்வாறே நகைத்து வந்தோம்.

2016-ஆம் ஆண்டில் நம் குடியிருப்பைச் சார்ந்த தொழிலாளி ஒருவர், பாதாளச் சாக்கடைக் குழியில் இறக்கிவிடப்பட்டு நச்சுக் காற்றால் மாண்டார். நாம் அவர் இல்லம் சென்று திரிசரணமும் பஞ்ச சீலமும் ஓதினோம். தோன்றியன யாவும் மறையும் என்னும் அநித்திய உண்மையை விளக்கினோம். உறவினர் சிலர், “எல்லாம் ஊழ்வினை” என்று கூறி அழுதனர். அப்போது அத்தொழிலாளியின் மனைவியார் தலைநிமிர்ந்து, “ஐயா, என் கணவர் இறந்தது அநித்தியத்தாலா, குழியில் இறங்கச் சொன்னவராலா?” என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. மூன்றாம் நாள் ஒப்பந்தக்காரரின் ஆள் 50,000 ரூபாயைக் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கிச் சென்றார். நாம் அருகிலேயே அமர்ந்திருந்தோம். பெரியவர் ஒருவர் சாட்சியாக இருக்கட்டும் என்றார்கள், இருந்தோம்.

மனிதரைச் சாக்கடைக் குழியில் இறக்கி அபாயகரமான முறையில் தூய்மை செய்விப்பதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருந்தது. 1993 முதல் சாக்கடையில் மாண்ட ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27-இல் தீர்ப்பளித்திருந்தது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் இத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குக் காரணமான வழக்கைத் தொடுத்தது சபாய் கர்மசாரி ஆந்தோலன் என்னும் இயக்கம். அதை நிறுவியவர்களுள் ஒருவரான பெஜவாடா வில்சன், கோலார் தங்கவயலில் 1966-இல் பிறந்தவர். அயோத்திதாசப் பண்டிதரின் காலத்தில் மாரிக்குப்பத்தில் தமிழ்ப் பௌத்தம் தழைத்ததும் அதே தங்கவயலில்தான். அவ்வளவு அண்மையில் இருந்த அறிவை அறியாமல், நாம் அந்த அம்மையாரின் இழப்புக்குச் சாட்சிக் கையெழுத்து இட்டோம்.

ஈராண்டுகளுக்குப் பின்னரே, சட்டம் பயின்ற இளம் உபாசிகை ஒருத்தி வாயிலாக இதை அறிந்தோம். அவளை அழைத்துக்கொண்டு அந்த அம்மையாரின் இல்லம் சென்று நம் பிழையைச் சொன்னோம். அவருடைய மூத்த மகன் அதற்குள் பள்ளியை விட்டு வேலைக்குப் போயிருந்தான். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “அன்றைக்கே தெரிந்திருந்தால் இவனைப் படிக்க வைத்திருப்பேனே, ஐயா” என்று மட்டும் சொன்னார். அச்சொல் இன்றளவும் நம் நெஞ்சில் நிற்கிறது.

இதைக் கொண்டு, சட்டம் மட்டுமே போதும் என்று முடிவு கட்டலாமோ? ஆகாது. அன்று மனு எழுதி முடித்த பின் அந்த அம்மையார் அவ்வுபாசிகையை நோக்கி, “பணம் வரட்டும், வராமற் போகட்டும், அவரை இறக்கிவிட்டவர்களை நினைத்தால் இரவெல்லாம் நெஞ்சு எரிகிறதே, அதற்கு ஏதேனும் வழி உண்டா அம்மா?” என்று கேட்டார். சட்டம் பயின்றவள் நம் முகத்தைப் பார்த்தாள். முன்பு நாம் ஊமையானோம். இப்போது அவள் ஊமையானாள். இரண்டு அரைக் கல்விகள் ஒரு துயரத்தின் முன் மாறி மாறித் தலைகுனிந்தன.

இவை உண்மையில் இரண்டு கல்விகள்தாமா என்பதே நாம் ஆராயவேண்டிய வினா. சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்னும் பரிவிராசகன், மனிதர் நுகரும் இன்ப துன்பமெல்லாம் முன்வினையால் வருவனவோ என்று வினவுகிறான். புத்தர் பெருமான் அதனை மறுக்கிறார். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், தவறான நடைமுறை, பிறரது தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டுகிறார். அந்த அம்மையாரின் கேள்விக்கு விடை இதோ இருக்கிறது! இச்சூத்திரத்தை நாம் 2016-க்கு முன்னரே படித்திருந்தோம். ஆயினும் அவர் வாசலில் அது நம் நினைவுக்கு வரவில்லை. ஏன்? அநீதியை ஆராயும் பயிற்சி நமக்கு இல்லாமையால், ஏட்டில் கண்டதை வீதியில் கண்டுகொள்ளும் கண் நமக்கு இல்லை. ஆகவே, நீதிப் பயிற்சி என்பது தம்மக் கல்வியோடு ஒட்ட வைக்கும் வெளிச்சரக்கு அன்று. தம்மத்தைச் சரியாகப் படிப்பதற்கே அது வேண்டும்.

ஆளவி என்னும் ஊரில், காணாமற்போன எருதைத் தேடி அலைந்து பசியோடு வந்த ஏழை உழவனுக்காகப் பெருமான் உரையைத் தொடங்காமல் காத்திருந்தார் என்றும், அவனுக்கு முதலில் உணவளிக்கச் செய்து பின்னரே அறம் உரைத்தார் என்றும் தம்மபத உரை கூறுகிறது. அப்பசி அறிந்த போதகரே போதகர். நம் தமிழ்க் காப்பியத்தில் மணிமேகலை பெற்ற கல்வியின் வரிசையையும் பாருங்கள். முதலில் அமுதசுரபி ஏந்திப் பசி தீர்த்தாள். பின் அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கினாள். அதன் பின்னரே வஞ்சியில் பல சமயத்தார் கொள்கைகளைக் கேட்டாள். காஞ்சியில் அறவண அடிகளிடம் அளவை நூலும் சார்பின் தோற்றமும் கற்றாள். பசிப்பணி, சிறைச் சீர்திருத்தம், தருக்கம், தம்மம் ஆகிய நான்கும் அவளுக்கு ஒரே பாடத்திட்டமாக இருந்தன.

அயோத்திதாசப் பண்டிதரும் அவ்வழியினரே. 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அவர், சித்த மருத்துவர். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய பத்திரிகாசிரியர். நோய்க்கு மருந்தும் அநீதிக்கு எழுத்தும் அறிவுக்குத் தம்மமும் ஒரே கையால் வழங்கினார்.

டாக்டர் அம்பேத்கர், தம் மறைவுக்குப் பின் 1957-இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முன்னுரையில், பிக்கு என்பவர் தம்மைத் தாமே நிறைவாக்கிக் கொள்ளும் மனிதரா, மக்களுக்குத் தொண்டு செய்பவரா என்ற கேள்வியை எழுப்பி, பௌத்தத்தின் எதிர்காலமே அவ்விடையைப் பொறுத்தது என்றார். போதகர்களைப் பயிற்றும் பௌத்தக் கல்லூரி ஒன்றை நம் பெங்களூரில் நிறுவ அவர் விரும்பினார். அதன் பொருட்டு 1954-இல் மைசூர் மகாராஜா 5 ஏக்கர் நிலம் வழங்கினார். 1956 டிசம்பர் 6-இல் மறைந்த அப்பெருமகனார், தாம் எண்ணிய அக்கல்லூரியைக் காணவில்லை.

பிற சமயத்தார் செய்திருப்பதையும் நாம் காழ்ப்பின்றி நோக்கவேண்டும். இதே பெங்களூரில் 1910-இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரியில், 1981-இல் அரவிந்த் நிர்மல் ஆற்றிய ஓர் உரையே தலித் இறையியல் என்னும் துறைக்குத் தோற்றுவாய் எனக் கருதப்படுகிறது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, தன் மாணவரை விடுதியினின்று வெளியேற்றிச் சேரி மக்களிடையே வாழ்ந்து பயிலச் செய்தது. நம்மவரிலும் நாகபுரியில் நாகலோகம் என்னுமிடத்தில் பல மாநில இளைஞர்கள் தம்மமும் சமூகப் பணியும் சேர்த்துப் பயில்கிறார்கள். தமிழ் பேசும் பௌத்தராகிய நாம் இன்னும், “வேண்டுமா, வேண்டாமா?” என்று கூட்டம் போட்டுக் கொண்டிருக்கிறோம்.

இங்கே ஓர் அச்சம் எழும்: “படித்தபின் அவள் நம் சந்துக்குத் திரும்புவாளா?” வீண் அச்சமென்று நாம் தள்ளமாட்டோம். படித்தோர் தம்மை ஏமாற்றிவிட்டனர் என்று 1956 மார்ச்சில் ஆக்ராவில் அம்பேத்கரே மனம் நொந்து பேசினார். ஆயினும் பத்திரம் எழுதி வாங்கி ஒருவரைத் தொண்டராக்க இயலாது. அது நூற்பாலைக் கூலி ஒப்பந்தமாகுமேயன்றித் தம்மமாகாது. திரும்பி வருபவள் தான் கற்றதை யாரிடம் சொல்வாள்? அவள் சொல்வதைக் கேட்கப் பெரியவர்கள் அமர்வார்களா? அன்றி, “நேற்றுப் பிறந்தவள்” என்று நகைப்பார்களா? படித்தவர் பலர் விலகிப் போனதற்கு அவர்தம் தன்னலம் ஒரு காரணம். நம் செருக்கு மற்றொரு காரணம்.

ஆதலின் நம் விடை இது. அப்பெண்ணுக்குச் சங்கம் உதவவேண்டும். விடுமுறைதோறும் அவள் நம் குடியிருப்பில் தங்கி, கற்றதை நமக்குக் கற்பிக்கவேண்டும் என்பதே நாம் கேட்கும் ஒரே கைம்மாறு. அவள் நடத்தும் முதல் வகுப்பில் முதல் வரிசையில் நாம் அமர்வோம். நமக்கு அருகில் அமருமாறு, சாட்சியாக நம்மை நம்பி இழப்புக்கு ஆளான அந்த அம்மையாரையும் அவர் மகனையும் அழைப்போம். அவர் கேட்ட இரண்டு கேள்விகளே அவ்வகுப்பின் முதற்பாடம் ஆகட்டும்.

சகல ஜீவர்களும் துன்பம் நீங்கி வாழ்க!