மினுக்கிய சப்பாத்து

செப்டெம்பர் 3 வந்தால் பாமன்கடை வீட்டில் அம்மப்பா தன் பழைய சப்பாத்தை எடுத்து மினுக்குவார். 1866இல் அந்த நாளில்தான் கேம்பல் என்பவர் இலங்கைப் பொலிஸின் பொறுப்பை ஏற்றார். அது பொலிஸ் தினம். அவர் பொலிஸிலிருந்து ஓய்வுபெற்று இருபது வருடமாகியும் அந்தச் சப்பாத்தில் முகம் பார்க்கலாம். நாங்கள் வார் கட்டப் பழகியதும் அதில்தான்.

1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபின் தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களச் சோதனை எழுத வேண்டியிருந்தது. அம்மப்பாவும் எழுதினார். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் வெள்ளவத்தை எரிந்தபோது நாட்டின் பொலிஸ்மா அதிபரே ஒரு தமிழர்: ருத்ரா ராஜசிங்கம். உச்சியில் இருந்தவராலேயே தடுக்க முடியாமற் போனதைக் காக்கி போட்ட சாதாரணத் தமிழர்கள் மனதுக்குள் எப்படிச் சுமந்தார்களோ! அம்மப்பா அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. அவர் தந்த மிக நீண்ட வாக்குமூலம் அந்த மௌனம்தான் என்று எனக்குப் படுகிறது.

பள்ளிக்கூடம் விடக் கால் மணி இருக்கும்போதே வாசலில் வந்து நிற்பார். காலி வீதியைக் கடக்கையில் நிமிர்ந்து நின்று கையை நீட்டுவார், பஸ்காரர்கள் நிறுத்துவார்கள். மறுகையில் எங்கள் புத்தகப் பைகள், சட்டைப் பையில் சரையில் சுற்றிய கச்சான்.

அவர் போனபின்னும் அந்தச் சப்பாத்தை யாரும் எறியவில்லை. இப்போது என் மகன் அதில் வார் கட்டப் பழகுகிறான்.