பிணத்துக்கு மானம் உண்டா?

உயிர் போனபின் உடல் வெறும் கட்டை. அதற்கு நோவில்லை, நாணமில்லை, நல்லது கெட்டது தெரிவதில்லை. ஆவி என்று ஒன்று அதனைச் சுற்றி வட்டமிடுகிறது என்பது அச்சம் பெற்ற பிள்ளை. அந்த அச்சத்தை விற்று வயிறு வளர்ப்போர் கட்டிவிட்ட கதை. இது பகுத்தறிவாளர் கொள்கை. இக்கொள்கையை ஏற்ற இளைஞர் ஒருவர் எழுந்து நின்று, "அப்படியானால், வெட்டுண்டு கிடப்பவரின் படத்தை ஏட்டின் முதற்பக்கத்தில் போடுவதில் என்ன தவறு? தவறு யாருக்கு இழைக்கப்பட்டது? பிணத்துக்கு மானம் உண்டா?" என்று கேட்டால், நாம் என்ன விடை தரப் போகிறோம்?

வைதிகருக்கு இது எளிய கேள்வி. தீட்டு என்பார், ஆன்மா சாந்தி அடையாது என்பார், கருட புராணத்தைப் புரட்டுவார். நமக்கு அந்த ஊன்றுகோல் இல்லை. அறிவைக் கொண்டே அறத்தை நிலைநாட்ட வேண்டிய கடன் நமக்கு உண்டு. சாத்திரத்தைத் தள்ளியவன் இரக்கத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டான் என்று பழிப்பவருக்கு நாமே வாய்ப்பளிக்கலாகாது. ஆகவே இக்கேள்வியை ஒதுக்காமல், ஒளிக்காமல் எடுத்து ஆராய்வோம்.

2016 சூன் 24, வெள்ளிக்கிழமை. சென்னை நுங்கம்பாக்கம் தொடர்வண்டி நிலையம். வேலைக்குப் புறப்பட்டு வந்து மேடையில் நின்ற இளம் பெண் ஒருவர் காலை நேரத்தில், பலர் பார்த்திருக்க வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டியவன் ஓடினான். உடல் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அந்த மேடையிலேயே கிடந்தது. வண்டிகள் வந்தன, போயின. மக்கள் இறங்கினர், ஏறினர். கைப்பேசிகள் வெளியே வந்தன. படங்கள் நகரமெங்கும் பரவின. அந்தப் பெண்ணின் முகத்தை அதுவரை அறியாத பல்லாயிரவர், அவர் குருதியில் கிடந்த கோலத்தில் முதன்முதலாக அவரைக் கண்டனர். உடல் அவ்வளவு நேரம் காட்சிப்பொருளாகக் கிடந்தது எப்படி என்று சென்னை உயர்நீதிமன்றமே முன்வந்து கேட்டது.

இப்போது நம் இளைஞரின் கேள்விக்கு வருவோம். அந்தப் பெண் எதையும் உணரவில்லை, உண்மை. ஆயினும் அவருக்குத் தவறு இழைக்கப்பட்டதா? இழைக்கப்பட்டது என்கிறேன். அதற்குச் சான்றாக ஆவியை அழைக்க வேண்டியதில்லை. நம் வீட்டிலிருந்தே சான்று தருகிறேன்.

நாத்திகர் ஒருவர், "நான் மாண்டால் சடங்கு வேண்டாம்; புரோகிதர் வேண்டாம்; உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுங்கள்" என்று எழுதி வைக்கிறார். அவர் மறைந்தபின் மைத்துனர் வருகிறார்; "அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே" என்று சொல்லி, பிண்டம் பிடித்து, மந்திரம் ஓதி, சிதை மூட்டிவிடுகிறார். நாம் கொதிக்கிறோமா இல்லையா? "அவருக்கு இழைத்த துரோகம்" என்கிறோமா இல்லையா? இறந்தவருக்கு எந்த உரிமையும் இல்லை என்பது உண்மையானால் நம் கொதிப்புக்குப் பொருளே இல்லை. உயிலுக்குப் பொருளில்லை, உடற்கொடைக்குப் பொருளில்லை. இங்கிலாந்து அறிஞர் செரமி பெந்தாம் தம் உடலை அறுத்து ஆராய விடவேண்டும், பின்னர் அதனைக் காட்சிக்கு வைக்கவேண்டும் என்று எழுதி வைத்து 1832இல் இறந்தார். அவ்வாறே செய்தனர், எலும்புக் கூட்டுக்கு அவருடைய ஆடையையே உடுத்தி, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இன்றும் வைத்திருக்கின்றனர். அதைக் காண்பவர் எவரும், அவர் அவமதிக்கப்பட்டார் என்று எண்ணுவதில்லை. ஏன்? அது அவர் விருப்பம்!

எனவே காட்டுவதே குற்றம் என்பதல்ல. யார் விருப்பப்படி காட்டுகிறோம் என்பதே கேள்வி. சாவு உணர்ச்சியை முடிக்கிறது. ஒரு மனிதர் வாழ்ந்தபோது எப்படி அறியப்பட விரும்பினாரோ அந்த விருப்பத்தின் மதிப்பை முடித்துவிடுவதில்லை. காலையில் தலைவாரி, உடைதிருத்தி, கண்ணாடி பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்பிய பெண், உலகம் தன்னை எப்படிக் காணவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அதற்கு நேர்மாறான கோலத்தை நிலையாக்கியது கைப்பேசி. கொலைகாரன் உயிரைப் பறித்தான். படம் பரப்பியோர் முகத்தைப் பறித்தனர்.

இதனை நம் எளிய மக்கள் படிக்காமலே அறிந்திருக்கின்றனர். மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு தெருவைச் சுற்றி வாருங்கள். சுவர்தோறும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. அதில் இருப்பது எந்தப் படம்? இறந்த கோலமா? இல்லை. உயிரோடு, முகமலர்ச்சியோடு, நல்ல சட்டையோடு எடுத்த படம். மூங்கில் பாடை கட்டும் குடும்பமும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறது. பழந்தமிழர் நடுகல்லிலும் இதுவே முறை. களத்தில் மாண்ட வீரனைக் கல்லில் செதுக்கியபோது, வாளும் வில்லும் ஏந்தி நிற்பவனாகவே பெரும்பாலும் செதுக்கினர். பெயரையும் செயலையும் பொறித்தனர். சென்ற நூற்றாண்டில் இறந்தவரை நாற்காலியில் அமர்த்தி, சுற்றத்தார் சூழ்ந்து நிற்கப் படம் எடுத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. சில வீடுகளில் ஒருவருக்கு இருக்கும் ஒரே படம் அதுவாகவே இருந்தது. அந்தப் படம் அன்பினால் எடுத்தது, வீட்டுச் சுவரில் மாட்டியது, விலைக்குப் போகாதது.

இவ்வளவும் சொன்னபின், "சரி, இனிப் பிணத்தின் படமே கூடாது, சட்டம் போட்டுத் தடுப்போம்" என்று ஒருவர் கிளம்பலாம். நில்லுங்கள் தோழரே! அந்தச் சட்டத்தை முதலில் வரவேற்பவன் யார் தெரியுமா? கொடுங்கோலன்!

1955இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கருப்பினச் சிறுவனை வெள்ளை வெறியர் அடித்துச் சிதைத்து ஆற்றில் எறிந்தனர். தாய் மேமி டில் என்ன செய்தார்? பெட்டியை மூட விடவில்லை. என் மகனுக்குச் செய்ததை உலகம் காணட்டும் என்று சிகாகோ நகரில் திறந்த பெட்டியில் வைத்தார். அந்தச் சிதைந்த முகத்தை 'ஜெட்' என்ற கருப்பின மக்களின் வார ஏடு வெளியிட்டது. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு கொலைகாரரை விடுவித்தது. ஆனால் அந்தப் படம் ஒரு தலைமுறையைத் தட்டி எழுப்பியது. அங்கே மறைத்தல் அறமன்று, காட்டலே அறம். காட்டச் சொன்னவர் பெற்றவர்.

நமக்கு நெருங்கிய சான்றும் உண்டு. 2013 பிப்ரவரியில் இலண்டன் ஏடொன்றும், நம் அண்ணா சாலையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' ஏடும், பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரனின் படங்களை வெளியிட்டன. ஒன்றில் அவன் உயிரோடு அமர்ந்து தின்பண்டம் தின்கிறான். மற்றொன்றில் மார்பில் குண்டுத் துளைகளோடு கிடக்கிறான். இரண்டும் ஒரே கருவியில், சில மணி நேர இடைவெளியில் எடுத்தவை என்று ஆவணப்படம் எடுத்தவர்கள் எடுத்துக்காட்டினர். சண்டையின் நடுவே மாண்டான் என்று சொல்லித் தப்ப முடியாதபடி செய்தது அந்த இணை. பிடித்து வைத்து, பிறகு கொன்றனர் என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே ஆதாரம். இலங்கை அரசு மறுத்தது. ஆயினும் அடுத்த மாதமே நுங்கம்பாக்கம் இலயோலா கல்லூரி மாணவர் சிலர் உண்ணாநிலை தொடங்க, தமிழகமெங்கும் மாணவர் கிளர்ந்தனர்.

ஒன்றைக் கவனியுங்கள். நெஞ்சைப் பிளந்தது எந்தப் படம்? துளைபட்ட மார்பைவிட, தின்பண்டத்தோடு நிமிர்ந்து பார்த்த அந்தக் கண்கள் அல்லவா! சாவின் கொடுமையை உணர்த்த எப்போதும் சதையைக் காட்ட வேண்டியதில்லை. 2004 ஆழிப்பேரலை மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் உயிர்களை வாரிச் சென்றது. கடலூரிலும் நாகையிலும் இன்னும் கொடிதாக வாரியது. அப்போது கடலூரில் ஆர்க்கோ தத்தா எடுத்த படம் அவ்வாண்டின் உலகச் செய்திப்பட விருதைப் பெற்றது. மணலில் விழுந்து கைவிரித்து அழும் ஒரு பெண்தான் அப்படத்தில் நிறைந்திருக்கிறார். மாண்டவரின் முகம் அதில் இல்லை. இழப்பு முழுவதும் இருக்கிறது.

ஆக, சான்றுக்காகக் காட்டுவது வேறு. சந்தைக்காகக் காட்டுவது வேறு. நுங்கம்பாக்கத்தில் கொலையைத் துப்புத் துலக்க உதவிய படம் எது? பிணத்தின் படமன்று. நிலையத்தில் கண்காணிப்புக் கருவியே இல்லை. அக்கம்பக்கத்துத் தெருக்களில் இருந்த கருவிகளில் பதிந்த, நடந்து செல்லும் ஓர் ஆளின் உருவமே காவல்துறைக்கு வழிகாட்டியது. பிணத்தின் படம் எவருக்கும் எதையும் நிறுவவில்லை. பின்னர்ப் பிடிபட்ட இளைஞர் கழுத்தறுபட்டுக் கிடந்த படத்தையும் பரப்பினர். வழக்கு முடியுமுன்னே, 2016 செப்டம்பரில் அவர் புழல் சிறையில் மாண்டார். குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரின் குருதியும் அவ்வாறு விருந்தாயிற்று.

அடுத்து அரசியலுக்கு வருவோம். அங்கேதான் இக்கேள்வி கூர்மை பெறுகிறது. 2016 செப்டம்பர் 22இல் முதலமைச்சர் செயலலிதா கிரீம்சு சாலை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 5 இரவு மறைந்தார் என அறிவித்தனர். 75 நாள், நாட்டை ஆள்பவரின் படம் ஒன்றும் வெளிவரவில்லை. ஓராண்டு கழிந்தது. 2017 டிசம்பர் 20. மறுநாள் ஆர்.கே. நகரில் வாக்குப்பதிவு. அன்று வெளிவந்தது ஒரு படச்சுருள்: மருத்துவமனை உடையில், படுக்கையில், உறிஞ்சுகுழலால் பழச்சாறு பருகும் செயலலிதா! வெளியிட்டவர் போட்டியிட்ட அணியின் முன்னணியாளர். தேர்தல் அதிகாரிகள் ஒளிபரப்பை நிறுத்தச் சொன்னார்கள். அதற்குள் நாடே பார்த்துவிட்டது.

அவருடைய அரசியலை எதிர்த்தவர்கள் நம்மில் உண்டு, அது வேறு. தம் தோற்றத்தைத் தாமே ஆண்டவர் அவர். போயசு தோட்டத்து வாயிலில் எப்படி வரவேண்டும், எந்தக் கோணத்தில் தெரியவேண்டும் என்பதில் கண்ணாயிருந்தவர். மாண்டபின், வாக்குப்பெட்டிக்காக அந்த ஆட்சியைப் பறித்தனர். 'மக்களுக்கு அறியும் உரிமை இல்லையா?' எனக் கேட்பீர்கள். உண்டு! ஆனால் அறியவேண்டியது அவர் நோய் என்ன, அரசு கோப்புகளில் முடிவெடுப்பவர் யார் என்பது. அதனைக் கையொப்பமிட்ட நேர்மையான மருத்துவ அறிக்கை அன்றன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டியதை மறைத்தனர், மறைக்கவேண்டியதை விற்றனர்!

இதற்கு முன்னும் படுக்கைப் படம் தேர்தலுக்கு வந்ததுண்டு. 1967 சனவரி 12இல் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், கழுத்தில் கட்டோடு அவர் இருந்த படம் அந்தத் தேர்தலில் சுவரெங்கும் நின்றது. அதிலும் உணர்ச்சி வாணிகம் இருந்தது என்பதை மறுக்கவேண்டாம். ஆயினும் அவர் உயிரோடிருந்தார். 'வேண்டாம்' என்று சொல்ல அவரால் இயன்றது. செயலலிதாவுக்கு அந்த ஒரு சொல்லும் இல்லை. பேச இயலாதவர் சார்பில் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: 'பேச முடிந்தால் இவர் இசைவாரா?'

இன்னொரு உண்மையும் உண்டு. அது சமூக நீதியைச் சார்ந்தது. எந்தப் பிணத்தின் படம் மூடாமல் வருகிறது? அடையாற்று மாளிகையில் மாண்டவர் மாலையோடும் கண்ணாடிப் பேழையோடும் ஏட்டில் வருகிறார். நடைபாதையில் மாண்டவர், கழிவுநீர்க் குழியில் மூச்சுத்திணறி மாண்டவர், சாதிவெறிக்குப் பலியானவர் கிடந்த கோலத்திலேயே வருகிறார். வாழ்ந்தபோது இருந்த ஏற்றத்தாழ்வைச் சாவிலும் பிடித்து வைக்கிறது கருவி. பணக்காரரின் பிணத்துக்கு மானம் உண்டு, ஏழையின் பிணத்துக்கு இல்லை என்று அச்சிடுவது புதிய வருணாசிரமம் அல்லவா?

இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகள், பயங்கரவாதத் தாக்குதல், வகுப்புக் கலவரம் பற்றிய செய்திகளில் சிதைந்த உடல்களின் படத்தைத் தவிர்க்கச் சொல்கின்றன. நல்லது, ஆனால் மன்றத்தால் கண்டிக்க முடியும், தண்டிக்க முடியாது. அதன் நெறி ஏடுகளுக்குத்தான். இன்றோ கைப்பேசி ஏந்திய ஒவ்வொருவரும் ஆசிரியர். எனவே நெறி நம் நெஞ்சில் இருக்கவேண்டும். படத்தை அனுப்புமுன் நான்கு கேள்வி கேளுங்கள். இவர் இன்னும் உயிரோடிருக்கிறாரா? இவரோ இவரைப் பெற்றவரோ இசைந்தனரா? எவரேனும் மறுக்கும் ஓர் அநீதியை இப்படம் மெய்ப்பிக்கிறதா? என் தாய் இவ்வாறு கிடந்தால் இதே படத்தை இதே வகையில் அனுப்புவேனா?

முதற்கேள்விக்கு 'ஆம்' என்பது விடையானால் மற்றவற்றுக்கு நேரமே இல்லை. கருவியைக் கீழே வையுங்கள், கையைக் கொடுங்கள்! 'காவல்துறை வழக்கில் இழுக்குமே' என்ற சாக்கும் இனிச் செல்லாது. சாலையில் அடிபட்டவருக்கு உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்ற நெறிகளுக்கு 2016இல் உச்சநீதிமன்றம் சட்ட வலிமை தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அப்பாதுகாப்பைச் சேர்த்தனர். ஏனைய இடங்களில் உதவ, சட்டம் வந்துதான் சொல்லவேண்டுமா?

பிணத்துக்கு மானம் உண்டா என்று கேட்டார் நம் இளைஞர். பிணத்துக்கு இல்லை தோழரே! அங்கே வாழ்ந்த மனிதருக்கு உண்டு. அதைக் காக்கவோ பறிக்கவோ இப்போது கை உள்ளவர் நாம் மட்டுமே. மறுமையில் கணக்குப் பார்க்க எவனும் இல்லை என்று நம்புகிறவர்கள் நாம். அதனால்தான் இங்கே, இப்போதே, நம் கணக்கை நாமே நேர்மையாக எழுதவேண்டும்.