சர்க்கரையும் குற்றவுணர்வும்

க்ஷயரோகத்துக்கு இலக்கியத்தில் ஒரு அந்தஸ்து உண்டு. 1948-ல் புதுமைப்பித்தனைக் கொண்டுபோனது அதுதான் என்பதால் நம்மிடையே அதற்கு ஒரு சோகப் பொலிவுகூடச் சேர்ந்துவிட்டது. சர்க்கரை வியாதிக்கு அப்படி எதுவும் கிட்டவில்லை. கல்யாணப் பந்தியில் இலையில் விழுந்த ஜாங்கிரியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து இலைக்காரர் கேட்கும் "நீங்க இதைச் சாப்பிடலாமா?" என்ற கேள்விதான் அதன் காவியம். பதிலுக்கு, இந்த நோய்க்கு ஒரு ஒழுக்கவியல் வாய்த்திருக்கிறது. "கட்டுப்பாட்டில் இருக்கிறதா?" என்றுதான் விசாரிக்கிறார்கள். காய்ச்சல்காரனை யாரும் இப்படிக் கேட்பதில்லை. அரசியல் மேடையில் கடமைக்கும் கண்ணியத்துக்கும் அடுத்தபடியாக வரும் சொல், நம் ரத்தத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான்கு வருஷமாக எனக்கு இது இருக்கிறது. தினமும் காலை வெறும் வயிற்று அளவை, பக்கத்தில் காரணத்தோடு, ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போக வேண்டும். சென்ற முறை டாக்டரிடம் போவதற்கு முதல் நாள் இரவு, பதினொரு நாட்கள் காலியாக இருப்பதைக் கண்டேன். உட்கார்ந்து எழுதினேன். 118, 124, 121. நம்பும்படி இருக்கட்டும் என்று நடுவில் ஒரு 146. பேனாவைக்கூட மாற்றினேன். வங்கியில் பதினாலு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு வவுச்சரில் ஒரு இலக்கத்தை மாற்றியதில்லை.

சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். அந்த நாட்களில் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. ஏ1சி என்ற பரிசோதனை அதைத்தான் எண்ணுகிறது. எனக்கு 8.4 வந்தது. டாக்டர் நோட்டையும் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்சுலின் முதன்முதலாக 1922 ஜனவரியில் டொரான்டோவில் ஒரு பதினாலு வயதுப் பையனுக்குச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இருந்த பெரிய வைத்தியம் பட்டினி. நியூயார்க்கில் ஃப்ரெடரிக் ஆலன் என்ற மருத்துவர், சிறுநீரில் சர்க்கரை மறையும்வரை உணவைக் குறைத்துக்கொண்டே போனார். அவரும் சகாக்களும் 1919-ல் வெளியிட்ட நூலில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். நோயினால் கண் போனவன். எவ்வளவு காவல் வைத்தும் சிறுநீரில் சர்க்கரை வந்துகொண்டிருந்தது. கண் தெரியாதவன் எங்கே போய்த் தின்றிருப்பான்? பற்பசையைத் தின்றிருக்கிறான். ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்ட கானரிப் பறவையின் கூண்டிலிருந்து விதைகளைத் தின்றிருக்கிறான். வெகுநேரம் மறுத்த பிறகே ஒப்புக்கொண்டான். பையன் பிழைக்கவில்லை.

ஆலனைக் கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது. அன்று வேறு வழி இல்லை. ஆனால் அந்த 'ஒப்புக்கொண்டான்' என்னை விட மறுக்கிறது. பசிக்கு வாக்குமூலம் எதற்கு? பட்டினி வைத்தியம் போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது. விசாரணை மட்டும் போகவில்லை. இப்போது காவல்காரனும் கைதியும் ஒரே ஆள், அவ்வளவுதான்.

1995-ல் வில்லியம் போலன்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் இந்தக் கிலேசத்தை அளக்க ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார்கள். மனச்சோர்வு என்ற நோய் வேறு, இதோடு அன்றாடம் மல்லாடும் அலுப்பு வேறு என்பதை இன்று மருத்துவமும் ஏற்கிறது. குற்றவுணர்வு வருகிறதா என்பதும் அவர்கள் கேள்விகளில் ஒன்று. வந்ததை நாம் ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறோம் என்பது என் கேள்வி.

விடிகாலையில் ஈரல், யாரும் கேட்காமலே, தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. அதே இரண்டு இட்லி, அதே மாத்திரை. வியாழன் 150, வெள்ளி 190. தூக்கக் குறைவும் கவலையும் சளியும் தம் பங்குக்குச் சேர்ந்துகொள்கின்றன. வெள்ளிக்கிழமைக்கு நான் உடனே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுகிறேன்: அக்கா வீட்டுக் காப்பி. "அரைச் சர்க்கரைதான்டா போட்டேன்" என்றாள். குடித்தது என் தப்பு. இப்படிச் சொல்லிக்கொண்டதும் ஒரு ஆறுதல். தப்பு என்னுடையது என்றால் எல்லாம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. ஈரல் பாட்டுக்குச் செய்கிறது என்று ஏற்றுக்கொண்டாலோ, இந்த உடம்பில் நான் பாதி அந்நியன். கர்மம் என்று சொல்லிவைத்தவர்களும் இந்த ஆறுதலைத் தேடித்தான் போயிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

ஜாங்கிரியை எடுத்துக்கொள்ள இது ஒரு சாக்கு என்று நண்பர் ஒருவர் சொன்னார். இல்லை. மாத்திரை போடாத நாள் போடாத நாள்தான். கண்ணும் சிறுநீரகமும் அதற்குக் கணக்கு வைத்திருக்கும். பொறுப்பு வேறு, குற்றம் வேறு என்று கட்டுரையில் எழுதிவிடலாம். காலை ஆறு மணிக்கு மீட்டரில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரிகின்றன.

கவுண்டரில் மாலை பணம் குறைந்தால் என் கையிலிருந்து போட வேண்டும். வந்த தொகை யாருடையது என்று தெரியாவிட்டால் அதற்கு சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. எங்கள் வங்கிகூடத் தனக்குப் புரியாததற்கு ஒரு இடம் விட்டுவைத்திருக்கிறது. போன வாரம் 188 வந்த காலை, நோட்டில் 'காப்பி' என்று எழுதப்போனவன் நிறுத்தி, 'தெரியவில்லை' என்று எழுதினேன். அடுத்த மாதம் டாக்டரிடம் அந்தப் பதினொரு நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் வாக்கியம் அமையவில்லை.