மண்ணுக்குள் மறைந்த கடன்

தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் பெற்ற ஒருவன், அத்தவற்றால் விளைந்த கேட்டுக்கான கடனிலிருந்தும் விடுபட்டுவிட்டானா? ஒப்புரவு அருட்சாதனத்தில் பல்லாண்டுகளாக மக்களின் குரலைக் கேட்டுவரும் எனக்கு இவ்வினா புதியதன்று. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாகுவில் நிகழ்ந்ததைப் படித்தபோது, அது புதிய கனத்தோடு என்முன் நின்றது.

பேர்ள் ஹார்பர் கடற்படைத் தளத்துக்கு எரிபொருள் சேமிப்பதற்காக, ரெட் ஹில் என்னும் குன்றைக் குடைந்து 1940க்கும் 1943க்கும் இடையே இருபது பெருந்தொட்டிகளை அமெரிக்கக் கடற்படை அமைத்தது. ஒவ்வொன்றும் 250 அடி உயரம். ஏறத்தாழ 4 கோடியே 70 லட்சம் லிட்டர் கொள்ளும். பகைவரின் குண்டுகளுக்குத் தப்பவேண்டும் என்பதே அன்றைய கவலை. தொட்டிகளுக்குக் கீழே ஏறத்தாழ 100 அடி ஆழத்தில், தீவு மக்கள் பருகும் நிலத்தடி நீர் இருந்தது. பகைவருக்கு அஞ்சியவர்கள் தங்கள் கிணற்றுக்காக அஞ்சவில்லை.

2014 சனவரியில் ஒரு தொட்டியிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் கசிந்தது, கிடங்கு மூடப்படவில்லை. 2021 மே 6 அன்று குழாய் பிளந்து விமான எரிபொருள் கொட்டியது. சிந்தியது சிறிதளவே என்று கணக்கிட்டனர். உண்மையில் அதன் பெரும்பகுதி தீயணைப்பு அமைப்பின் வடிகுழாய்க்குள் புகுந்து, ஆறு மாதங்கள் எவரும் அறியாமல் தங்கிக் கிடந்தது. நவம்பர் 20 அன்று ஒரு சிறு வண்டி மோத, அக்குழாய் உடைந்தது. மறைந்திருந்தது குடிநீர்க் கிணற்றை எட்டியது. அந்நீரை நம்பியிருந்தவர்கள் ஏறத்தாழ 93,000 பேர். குழாய்நீரில் எரிபொருள் வாடை வீசியது. தலைவலி, குமட்டல், தோல் தடிப்பு எனப் பல குடும்பங்கள் அவதியுற்றன. ஆனால் நீர் பாதுகாப்பற்றது எனக் கருத அறிகுறியில்லை என்பதே அதிகாரிகளின் முதல் மறுமொழி.

சரியாக அளக்கப்படாத தவறு இல்லாமற் போவதில்லை, காத்திருக்கிறது. தன் குற்றத்தைக் குறைத்துக் கணக்கிடும் மனச்சான்றும் இத்தகைய வடிகுழாயே அன்றோ!

2022 மார்ச்சில் கிடங்கை நிலையாக மூட ஆணை பிறந்தது. 2023 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரை 39 கோடி லிட்டருக்கும் மேலான எரிபொருள் வெளியேற்றப்பட்டது. தொட்டிகள் வெறுமையாயின. மண்ணோ வெறுமையாகவில்லை. எண்ணெய் நீரினும் இலேசானது. நிலத்தடி நீரின்மேல் மிதக்கும். ஒரு பகுதி பாறை வெடிப்புகளில் ஒட்டிக்கொள்ளும். மற்றொரு பகுதி சிறுகச் சிறுக நீரில் கரையும். கெட்ட மண்ணைத் தோண்டி அகற்றலாம். மண்ணிடுக்கின் ஆவியை உறிஞ்சி எடுக்கலாம். நீரை இறைத்துக் கரித்துகள் வழியே வடிகட்டலாம். எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்கள் பணி முடிக்கக் காத்திருக்கலாம். எதுவும் ஒருநாளில் முடிவதன்று. சிந்துவதற்குச் சில மணி நேரம், துடைப்பதற்கோ பல்லாண்டுகள்.

"1943இல் நாங்கள் பிறக்கவேயில்லை, முன்னோர் செய்ததற்கு நாங்களா பொறுப்பு?" என இன்றைய தலைமுறை கேட்கலாம். முன்னோர் தேடிய பாதுகாப்பின் பயனை ஏற்றவர்கள், அதன் சுமையை மட்டும் மறுப்பது நீதியாகாது. சொத்தை ஏற்கும் மகன் கடனையும் ஏற்பதே முறை.

"முற்றிலும் சீராக்க இயலாதே" என்பது அடுத்த தடை. பழுதற ஈடுசெய்ய இயலாதபோது இயன்ற அளவேனும் ஈடுசெய்ய வேண்டும் என்பது தூய தோமா அக்குவினாவின் படிப்பினை. இயலாமை மிச்சத்தை மன்னிக்கலாம். இயன்றதைச் செய்யாதிருக்க உரிமை தராது. மன்னிப்பு உறவை மீட்கிறது. ஈடுசெய்தல் பிறர் இழந்ததை மீட்கிறது. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. சக்கேயு மனம் மாறியதோடு நிற்கவில்லை. ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தான்.

மாசுற்ற நிலத்தைச் சுற்றிலும் சிறு கண்காணிப்புக் கிணறுகள் தோண்டப்படுகின்றன. ஆண்டுக்கணக்கில் ஒருவர் வந்து நீரை மொண்டு, சோதித்து, உள்ளதை உள்ளபடி எழுதிவைக்க வேண்டும். அதில் புகழில்லை, கைதட்டலில்லை. சினமாய்ப் பேசிய ஒரு சொல்லுக்காகவோ, உடன்பிறந்தவரிடம் பறித்த ஒரு துண்டு நிலத்துக்காகவோ நாம் செய்யவேண்டிய பரிகாரமும் இத்தகையதே. வருந்தி அழுவது ஒருநாள் வேலை. கிணற்றருகே மீண்டும் மீண்டும் சென்று, நீர் தெளிந்ததா என்று பார்ப்பதோ வாழ்நாள் கடமை.