துலாக்கோலும் ஒரு தட்டும்

நடுவுநிலைமைக்கு உவமை தேடிய வள்ளுவப் பெருந்தகை துலாக்கோலைக் காட்டினார். எப்பக்கமும் சாயாத அக்கோல் நீதிபதிக்கு உரியது என்பதில் ஐயமில்லை. ஆனால், வழக்கின் ஒரு தட்டிலேயே தம் இடத்தைப் பெற்றுள்ள அரசு வழக்குரைஞருக்கும் நடுவுநிலைமை உண்டோ? சட்டம் பயின்ற நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் அப்பணியை நாடும்பொழுது, ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் எண்ணுமுன் நாம் எண்ண வேண்டிய வினா இதுவேயாகும்.

பணிக்குச் செல்லும் வழி தெளிவானது. நடுவர் மன்றங்களில் வழக்கு நடத்தும் உதவி அரசு வழக்குரைஞர்கள் பல மாநிலங்களில் தேர்வாணையத்தின் வாயிலாக அமர்த்தப்பெறுகின்றனர். செஷன்ஸ் நீதிமன்றத்தில் அரசு வழக்குரைஞராக ஏழாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வகுத்த இவ்வரையறையை, 2024 சூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் ஏற்றுக்கொண்டுள்ளது. வழியை அறிதல் எளிது. அவ்வழியில் நேர்நிற்றலே அரிது.

அரசு வழக்குரைஞர் யாருக்காக வாதிடுகின்றார்? காவல்துறைக்காக அன்று, புலனாய்வு அவர்தம் பணி, வழக்கு நடத்துதல் இவர்தம் பணி. முறையிட்டவரின் சினத்திற்காகவும் அன்று. மக்கள் அனைவர்க்குமாக அவர் நிற்கின்றார். அம்மக்களுள் கூண்டில் நிற்பவரும் ஒருவரன்றோ! எவ்வாறேனும் தண்டனை பெற்றுத் தந்துவிட வேண்டும் என்னும் வேட்கை அரசு வழக்குரைஞருக்கு ஆகாது என்று 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு முறையாகச் சேர வேண்டிய நன்மையை அவருடைய வழக்குரைஞரே காணத் தவறினாலும், அதனை மன்றத்தின் பார்வைக்குக் கொணர்தல் அரசு வழக்குரைஞரின் கடமை என்றும் அத்தீர்ப்பு கூறிற்று.

அங்ஙனமாயின், மென்மையே அறமாகுமோ எனின், ஆகாது. 2002இல் வதோதராவில் நிகழ்ந்த பெஸ்ட் பேக்கரிப் படுகொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் அனைவரும் 2003இல் விடுதலை பெற்றனர். 2004இல் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கி, வழக்கை மகாராட்டிரத்தில் மீண்டும் விசாரிக்க ஆணையிட்டது. அரசு வழக்குரைஞர் உண்மையை மன்றத்தின்முன் வைப்பவராக அன்றி, எதிர்த்தரப்பு வழக்குரைஞர்போல் நடந்துகொண்டதாக அந்நீதிமன்றம் கடிந்தது. வேட்கை ஒரு பிழையெனில், சோர்வு மற்றொரு பிழை. முன்னதால் குற்றமற்றவர் சிறை புகுவர். பின்னதால் இறந்தோர்க்கு நீதி மறுக்கப்படும்.

இவ்விரண்டிற்கும் இடையே வழி காண்பது எங்ஙனம்? கட்டுக்களைப் படிக்கும் அறையிலேயே அறம் தொடங்குகின்றது. காவலரிடம் சாட்சி சொன்னதாக எழுதப்பட்டது ஒன்றாகவும், அவர் வாய் சொல்வது வேறாகவும் இருக்கும்பொழுது, வேறுபாட்டை மூடி மறைக்காத துணிவு வேண்டும். வழக்கு நிற்காது என்று நெஞ்சறிந்தால், நீதிமன்றத்தின் இசைவோடு அதனைத் திரும்பப் பெறச் சட்டம் இடந்தருகின்றது. ஆனால் அம்முடிவு அவர்தம் அறிவில் பிறந்ததாக இருத்தல் வேண்டும். மேலிருந்து வந்த குறிப்பாக இருத்தலாகாது. ‘திரும்பப் பெறுக’ என்னும் குரலுக்கும், ‘எப்படியேனும் தண்டனை வாங்குக’ என்னும் குரலுக்கும் ஒருசேரச் செவி சாய்க்காதிருத்தலே இப்பணியின் கடுந்தவம்.

சிலம்பு நமக்குக் காட்டும் துயரமும் இதுவே. பொற்கொல்லன் சொல்லே குற்றச்சாட்டாயிற்று, அதுவே சான்றுமாயிற்று. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்று கேட்க, கோவலன் மாண்டபின் கண்ணகி வரவேண்டியிருந்தது. அக்கேள்வியைத் தண்டனைக்கு முன்னரே கேட்க ஒருவர் இருத்தல் வேண்டும் என்பதற்காகவே இன்று விசாரணையும் வாதமும் உள்ளன.

வேற்றுமொழி நிலத்தில் வாழும் நாம் ஒன்றை நன்கறிவோம். மொழி புரியாத மன்றத்தில் நிற்பவனின் நடுக்கம் நம் முன்னோர்க்குப் புதிதன்று. வீட்டில் தமிழும் வெளியில் பிறமொழியும் பேசி வளர்ந்த நம் பிள்ளைகட்கு, பிறர் தடுமாற்றத்தைப் பொய்யென்று கொள்ளாத பொறுமை இயல்பாகவே வாய்த்திருத்தல் கூடும். இப்பணிக்கு அதனினும் சிறந்த முதலீடு இல்லை.

ஆதலின், வெற்றிகளை எண்ணி மகிழும் இயல்பினராயின் வேறு தொழிலை நாடுக என்போம். தாம் நடத்திய வழக்கில் ஒருவர் விடுதலை பெற்ற மாலையிலும், உண்மை வெளிப்பட்டதென்று அமைதியாக வீடு திரும்ப வல்லவராயின், தயங்காது செல்க என வாழ்த்துவோம். தட்டில் நின்றும் கோலின் நேர்மையை மறவாதவரே இப்பணிக்கு உரியவர்.