கதையும் அமானிதமும்

டிஜிட்டல் கதைசொல்லல் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது ஆசிரியர்களுக்கான ஒரு செயலமர்வில். சினிமாவோ பத்திரிகைத் தொழிலோ தெரியாத ஒருவர் தன் வாழ்வில் நடந்த ஒன்றைத் தானே எழுதித் தன் குரலிலேயே வாசிக்கிறார். தன்னிடமுள்ள ஒளிப்படங்களைக் கணனியில் அந்தக் குரலோடு கோத்து, இரண்டு மூன்று நிமிடப் படமாக்குகிறார். ஏறத்தாழ 250 சொற்கள், ஒரு டசின் படங்கள். வெண்பாவுக்குத் தளை இருப்பதுபோல இதற்கு இந்த அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் டேனா அட்ச்லி, ஜோ லம்பேர்ட், நீனா மலன் ஆகியோர் இதைத் தொடங்கினர். 1994 இல் அங்கே ஒரு நிலையம் அமைந்தது. 1998 இல் அது பெர்க்லிக்கு இடம்மாறியது. என்னைக் கவர்ந்தவர் அவர்களிடமிருந்து இதைக் கற்று வேல்ஸுக்குக் கொண்டுபோன டெனியல் மெடோஸ். ஒளிப்படக் கலைஞரான இவர் 1973, 74 ஆம் ஆண்டுகளில் ஒரு பழைய இரட்டைத்தட்டு பஸ்ஸில் இங்கிலாந்தைச் சுற்றி, தெருவில் கண்டவர்களையெல்லாம் இலவசமாகப் படமெடுத்து, பிரதியையும் அவர்களிடமே கொடுத்தவர். அந்தப் படங்களில் முகங்கள் இருந்தன, பேச்சு இல்லை. 2001 இல் பிபிசி வேல்ஸோடு சேர்ந்து அவர் ஆரம்பித்த ‘கெப்ச்சர் வேல்ஸ்’ திட்டத்தில்தான் மக்கள் தங்கள் படங்களுக்குத் தாங்களே குரல் கொடுத்தார்கள். 2008 வரை அது நடந்தது. ‘கெப்ச்சர்’ என்றால் பிடித்தல், கைப்பற்றுதல். நல்ல நோக்கத்தோடு வைத்த பெயர்தான். ஆனாலும் அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

நம் நாட்டுக்கும் இது அந்நியமானதல்ல. 1989 இல் தொடங்கிய கொத்மலை சமுதாய வானொலி, 1999 இல் இணையத்தையும் சேர்த்துக்கொண்டது. கிராமத்தவர் கேட்கும் கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி வானொலியில் சொன்னார்கள். பிறகு ஒரு முச்சக்கர வண்டியில் கணனியும் ஒலிபெருக்கியும் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார்கள். ஊர்க்காரன் கேட்பவனாக மட்டுமன்றிச் சொல்பவனாகவும் இருக்க வேண்டும் என்ற எண்ணமே இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை.

அந்த எண்ணத்தில் நமக்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. கிழக்கிலே நம் பெண்கள் பாடிய கவிகளைத் தொகுத்தவர்கள் பெரும் பணி செய்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் பாடியவளின் பெயர் பெரும்பாலும் இல்லை. ‘நாட்டார்’ என்ற ஒரே போர்வைக்குள் எல்லாரும் மறைந்துபோனார்கள். டிஜிட்டல் கதையிலோ பெயரும் குரலும்தான் முதலில் வருகின்றன. ஆகவே செயலமர்விலிருந்து நான் மிகுந்த உற்சாகத்தோடு ஊர் திரும்பினேன்.

எங்கள் ஊர் புத்தளம் மாவட்டத்தில் உள்ளது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பல இங்கே வாழ்கின்றன. 2017 இல் பத்தாம் தர மாணவர்கள் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, வீட்டிலுள்ள மூத்தவர்களின் கதைகளைப் படமாக்க முனைந்தேன். பாடசாலைக்குக் கைப்பேசி கொண்டுவர முடியாது. எனவே எல்லா வேலையும் அஸருக்குப் பிறகு அவர்கள் வீடுகளில்தான் நடந்தது.

முதல் தடங்கல் படங்கள். இந்தக் கலை பிறந்த இடத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அல்பம் இருக்கும் என்ற நம்பிக்கை இதன் அமைப்பிலேயே இருக்கிறது. யாழ்ப்பாண நகரிலிருந்து 2 மணி நேரத்துக்குள் வெளியேறச் சொல்லப்பட்டவர்களிடம் அல்பம் ஏது? பெண்களின் முகத்தைக் காட்டுவதில் சில வீடுகளுக்கு மார்க்க ரீதியான தயக்கமும் இருந்தது. பிள்ளைகள் தாங்களே வழி கண்டுபிடித்தார்கள். பழைய வீட்டைப் பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பென்சிலால் வரைந்தார்கள். முகத்துக்குப் பதிலாகக் கைகளைப் படமெடுத்தார்கள். இல்லாத ஒளிப்படம் எவ்வளவு பேசும் என்பதை அப்போதுதான் கண்டேன்.

ஒரு மாணவி தன் உம்மம்மாவின் கதையை எடுத்துக்கொண்டாள். அவள் இரண்டு பதிவுகள் கொண்டுவந்தாள். முதலாவதில் உம்மம்மா பள்ளிக்கூடப் பாடம்போல ஒப்புவித்தார்: வெளியேறச் சொன்னது, நடந்தது, லொறியில் ஏறியது. இரண்டாவது, பதிவு முடிந்துவிட்டதென்று அவர் நினைத்த பிறகு பேத்தியோடு பேசியது. கைப்பேசி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அடுத்த வீட்டுத் தமிழ்ப் பெண் ஒருத்தி தன் தோடுகளை இவரிடம் கொடுத்து வைத்திருந்தாள். கணவன் குடிகாரன், வீட்டில் வைத்தால் விற்றுவிடுவான் என்ற பயம். வெளியேறிய அன்று இவர் அவற்றைத் தன் நகைகளோடு முடிந்துகொண்டு புறப்பட்டார். திருப்பிக் கொடுக்கும் அவகாசமும் இருக்கவில்லை, நினைவும் இருக்கவில்லை. வழியில் சோதனையில் எல்லா நகைகளும் பறிபோயின. 2003 இல் பாதை திறந்திருந்தபோது போய்ப் பார்த்தார். அந்த வீட்டில் வேறு ஆட்கள். அவர்கள் வெளிநாடு போய்விட்டதாக அயலவர் சொன்னார்கள்.

இதுதான் கதை என்று நான் முடிவுசெய்தேன். முதலாவதை விட்டுவிடச் சொன்னேன். பேத்தி கேட்டபோது உம்மம்மா, “உங்கட சேர் சொன்னா போடு” என்றிருக்கிறார். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமும் வைத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒரு கிராமத்தில் ஆசிரியர் கேட்டால் கிடைக்கும் ‘ஓம்’ எத்தகைய ‘ஓம்’ என்று இருபது வருடமாகக் கரும்பலகையின் முன்னால் நிற்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டுப் படங்களையும் ஒரு மாலை மண்டபத்தில் போட்டுக் காட்டினோம். பலர் அழுதார்கள். எல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு அவர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்:

“மகன், இது எனக்கு முந்தி அவவிட்டப் போயிடுமா?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவே அந்தப் பகுதியை வெட்டச் சொன்னேன். ஆனால் அதற்குள் படம் வகுப்புப் பிள்ளைகளின் வட்ஸ்அப்பில் ஏறிவிட்டிருந்தது. அங்கிருந்து கொழும்புக்கும் லண்டனுக்கும் போக எத்தனை விரல் தட்டல்கள் வேண்டும்?

இதை நான் பலவாறாக யோசித்துவிட்டேன். மத்ரஸாவில் நாம் படித்தது இது: புறம் பேசுதல் என்பது பொய் சொல்வதல்ல, உள்ள குறையை ஆள் இல்லாத இடத்தில் சொல்வது, இல்லாததைச் சொன்னால் அது அவதூறு. எனவே ‘உண்மையைத்தானே சொன்னோம்’ என்பது இங்கே வாதமாகாது. அதே வேளையில் இமாம் நவவி, பிறர் குறையைப் பேச இடமுள்ள ஆறு சந்தர்ப்பங்களை எண்ணும்போது, அநீதி இழைக்கப்பட்டவரின் முறைப்பாட்டை முதலில் வைக்கிறார். 1990 ஐப் பற்றிப் பேசாதே என்று எவரும் மார்க்கத்தின் பெயரால் நம் வாயை மூட முடியாது என்பதற்கு அது எனக்குப் போதுமானது. நகை பறித்தவனைப் பற்றி உரத்துப் பேசலாம். அடுத்த வீட்டுக்காரியின் கணவன் குடித்தது எந்த முறைப்பாட்டுக்குள் வரும்? நம் கதையைச் சொல்லும் அவசரத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் வீட்டுத் துயரை மண்டபத்தில் வைத்துவிட்டோம். அவள் எந்தப் படிவத்திலும் கையொப்பமிடவில்லை.

சரி, கணவனைப் பற்றிய வரியை நீக்கிவிட்டுத் தோட்டை மட்டும் வைத்திருக்கலாமே என்று மறுநாள் போய்க் கேட்டேன், வெட்கமில்லாமல். படம் கெட்டுப்போகிறதே என்ற கவலை எனக்கு. அவர் அதற்கும் சம்மதிக்கவில்லை. அமானிதமாகத் தந்தது தொலைந்தால் தந்தவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், ஊருக்குச் சொல்லி என்ன, என்றார். அவரைப் பொறுத்தவரை அது இன்னும் கதையாகவில்லை, தீர்க்காத கடன். முடியாத ஒரு காரியத்தை முடிந்த கதையாக்கி இசையும் போட்டுக் காட்டியது நான்.

ஹதீஸ் கலையில் சொல்லப்பட்ட செய்தியை மட்டும் பார்ப்பதில்லை; யார் யாரிடம் கேட்டார், எந்த நிலையில் கேட்டார், நம்பத்தக்கவரா என்று அறிவிப்பாளர் வரிசை முழுவதையும் ஆராய்வார்கள். டிஜிட்டல் கதையின் முடிவில் சொன்னவரின் பெயர் மட்டும் வருகிறது. எந்தப் பதிவைத் தேர்ந்தது, எதை முன்னுக்கு வைத்தது, ‘இங்கே உணர்ச்சி போதாது’ என்று முகம் சுளித்தது ஆகியவற்றைச் செய்த வளவாளர் வரிசையில் இல்லை. அதனால் அவருக்குப் பொறுப்பும் இல்லை. நாட்டார் பாடலில் பாடியவளின் பெயர் காணாமற்போனது. இங்கே தொகுத்தவரின் பெயர் மறைகிறது. இரண்டாவது முன்னதைவிட நேர்மையானது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்தக் கலையில் கணனியைத் தொடுவதற்கு முன் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கதையை மற்றவர் கேட்கும் ஒரு கட்டம் உண்டு. ‘கதை வட்டம்’ என்பார்கள். நம் மஜ்லிஸுக்குக் கிட்டியது. வட்டத்தில் சொன்னதை வட்டத்துக்குள்ளேயே விட்டுச் செல்லவும் ஒருவருக்கு உரிமை உண்டு. அதைச் செயலமர்வில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். என் கொப்பியில் கோடிட்டும் இருக்கிறது. படம் நன்றாக வர வேண்டும் என்ற ஆசையில் அந்தக் கோடு கண்ணில் படவில்லை. இப்போது பிள்ளைகளுக்கு இதைப் பழக்கும்போது முதல் நாள் கைப்பேசியை எடுக்கவே விடுவதில்லை. கதை சொன்னவரிடம், படத்தில் வேறு யார் யார் வருகிறார்கள், அவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று கேட்டு வரச் சொல்கிறேன். இதனால் பாதிக் கதைகள் படமாவதில்லை.

அந்த உம்மம்மா சில மாதங்களுக்குப் பின் பேத்தியைக் கூப்பிட்டு இன்னொரு முறை பதிவுசெய்யச் சொன்னாராம். இம்முறை ஊருக்கல்ல, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி அவளிடமே பேசியிருக்கிறார். முகவரி இன்னும் கிடைக்கவில்லை. பதிவு கைப்பேசியிலேயே கிடக்கிறது. அதை எனக்குப் போட்டுக் காட்டட்டுமா என்று பேத்தி கேட்டாள். வேண்டாம் என்றேன். 19 நிமிடம் என்று மட்டும் சொன்னாள்.