கைராசிக் கணக்கு

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சூளை நன்றாக இறங்கினால், இன்னார்தான் காரணம் என்று ஒரே ஆளைக் கைகாட்டுவது கடினம். மண் நெய்வேலியிலிருந்து வருகிறது. பழுப்பு நிலக்கரிக்காகச் சுரங்கம் தோண்டும்போது கூடவே கிடைக்கும் வெள்ளைக் களிமண். அதை அரைத்துக் கூழாக்குபவர் ஒருவர். பிளாஸ்டர் அச்சில் ஊற்றிச் சரியான நேரத்தில் வடித்தெடுப்பவர் இன்னொருவர். அகல் விளக்கானாலும் பொம்மையானாலும் பிசிறு தட்ட, காயவைக்க, மெருகில் முக்க, சூளையில் அடுக்க, வெப்பத்தை அளவாக ஏற்றி இறக்க என்று வேறு வேறு கைகள். தனிச் சூளைக்கு வசதியில்லாத சிறு பட்டறைகள் பொதுச் சூளையில் கொடுத்துச் சுட்டு வாங்கும். சரக்கில் விரிசல் விழுந்தால் காரணம் தேடுவார்கள். ஈரம் போகுமுன்னே அடுக்கிவிட்டார்களா, மண்ணில் குறையா, சூடு சட்டென்று ஏறிவிட்டதா? அதற்காக முதலாளியின் குணத்தை யாரும் ஆராய்வதில்லை. நன்றாக இறங்கிய மறுநாள் அவர் ஞானியாகி விடுவதும் இல்லை.

அதே ஊர் டீக்கடையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் தலைவரைப் பற்றிப் பேச்சு வரட்டும். காரணம் தேடும் இந்தப் பழக்கம் எங்கோ போய்விடும். நிறுவனம் வளர்கிறதா, அவர் மாமனிதர். சறுக்கியதா, அவர் ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. பழைய காலத்தில் மருத்துவருக்கும் கடை திறந்து வைப்பவருக்கும் கைராசி பார்த்தது போல இன்று தலைமைச் செயல் அதிகாரிக்குப் பார்க்கிறோம். கைராசி பார்ப்பதில் பெரிய கேடில்லை என்று தோன்றலாம். ஆனால் ராசியை அறத்தோடு சேர்த்துக் கட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வென்றவர் என்பதற்காக ஒருவரை நல்லவர் என்று சொல்லலாமா? அப்படிச் சொன்னால் யாருக்கு அநியாயம் செய்கிறோம்?

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு அதிகம் சுற்றிவருவது ஜோஹோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவைத்தான். 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009இல் ஜோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம், வெளி முதலீட்டாளர்களின் பணத்தை வாங்காமலே உலகச் சந்தையில் நிற்கிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்தது. பட்டம் இல்லாத, பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி தந்து வேலையில் அமர்த்துகிறது. வேட்டி சட்டையோடு சைக்கிளில் போகும் கோடீசுவரர் என்ற படம் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. 2021இல் பத்மஸ்ரீ. ஒரு சாராருக்கு அவர் நடமாடும் துறவி. இன்னொரு சாராருக்கு, 2020இல் ஆர்.எஸ்.எஸ். சார்ந்த நிகழ்ச்சிக்குப் போக ஒப்புக்கொண்ட நாளோடு கணக்கு முடிந்துவிட்டது. அதன்பின் அவர் மென்பொருள் நன்றாக இருந்தாலும் குறைதான். இரண்டு தரப்பும் ஒரே தவறைச் செய்கின்றன. ஒன்றைப் பார்த்து மற்றொன்றுக்குத் தீர்ப்பு எழுதுகின்றன.

ஜோஹோவின் செய்திப் பரிமாற்றச் செயலியான அரட்டையின் கதை இதற்கு நல்ல சாட்சி. 2021இல் வெளிவந்தது, நாலு ஆண்டுகள் பெரிதாக யாரும் சீண்டவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டது. சுதேசிப் பேச்சு கிளம்பியது. செப்டம்பர் கடைசியில் மத்திய அமைச்சர்கள் ஜோஹோவையும் அரட்டையையும் பயன்படுத்தச் சொன்னார்கள். மூன்றே நாளில், தினமும் 3,000 பேர் சேர்ந்த இடத்தில் 3,50,000 பேர் சேர்ந்ததாக வேம்புவே எழுதினார். ஊரெங்கும் வாழ்த்து. சில வாரங்களில் பதிவிறக்கப் பட்டியலில் செயலி இறங்கியது, உடனே ஏளனம். அந்தச் சில வாரங்களுக்குள் அவருடைய உழைப்போ நேர்மையோ நூறு மடங்கு கூடிப் பின் குறைந்திருக்க முடியாது. காற்று அடித்தது, ஓய்ந்தது. காற்றுக்குப் பாராட்டுவிழா நடத்தியதும் நாம்தான், காற்று நின்றதும் அவரைத் திட்டியதும் நாம்தான். நியாயமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று அப்போது இருந்தது: செய்திகளை அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி பூட்டும் மறையாக்கம் அந்தச் சமயத்தில் அரட்டையின் எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. அது இல்லாமல் இத்தனை லட்சம் பேரை வரவேற்பது சரியா? வாழ்த்தியவர்களில் பலர் அதைக் கேட்கவில்லை.

இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. 2000 மார்ச்சில் சிஸ்கோ சில நாள்கள் உலகிலேயே அதிக மதிப்புள்ள நிறுவனமாக இருந்தது. அதன் தலைவர் ஜான் சேம்பர்ஸ் தொலைநோக்கர் என்று பத்திரிகைகள் எழுதின. மறு ஆண்டு பங்கு விழுந்ததும் அதே மனிதரின் அதே பழக்கங்கள் குறைகளாக அச்சேறின.

ஆனால் இன்னும் நெருக்கமான உதாரணம் ஹைதராபாத்தில் இருக்கிறது. அதை அவசரமாகக் கடந்துபோக முடியாது. ராமலிங்க ராஜு தலைமையில் இருந்த சத்யம் மென்பொருள் நிறுவனத்துக்கு, 2008 செப்டம்பரில், நிறுவனத்தை ஒழுங்காக ஆள்வதற்கென்றே தரப்படும் சர்வதேச விருது கிடைத்தது. 2009 ஜனவரி 7ஆம் தேதி, கணக்கில் சுமார் 7,000 கோடி ரூபாய் பொய் என்று அவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். 2015இல் நீதிமன்றம் ஏழாண்டுச் சிறை விதித்தது. விருது கொடுத்தவர்கள் முட்டாள்கள் அல்லர். வெளியே தெரிந்த வெற்றியைப் பார்த்து உள்ளே இருக்கும் ஒழுங்கை ஊகித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கோதாவரிக் கரைக் கிராமங்களில் குடிநீர், கணினி வழி வேலை என்று அவருடைய குடும்ப அறக்கட்டளை செய்ததெல்லாம் அந்த ஊகத்துக்கு வலுச் சேர்த்தன. கிராமத்துக்கு நல்லது செய்கிறவர் கணக்கில் பொய் சொல்வாரா என்று நினைப்பது நமக்கு இயல்பு.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இந்தியாவில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2005இல் அதே ராஜு தொடங்கிய அமைப்பிலிருந்து பிறந்தது. 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. இன்று உளுந்தூர்பேட்டை சாலையில் விபத்து நடந்தால் விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்கு ஆளைக் கொண்டு வந்து சேர்ப்பது அந்த வண்டிதான். ராஜு குற்றவாளி என்பதால் பிழைத்த உயிர்கள் பிழைக்காமல் போய்விடுமா? வண்டி உயிர் காப்பதால் 7,000 கோடிப் பொய் சிறிதாகிவிடுமா? இரண்டும் இல்லை. ஒரு மனிதனின் செயல்களை ஒரே தராசில் கொட்டிக் கூட்டிக் கழித்து மிச்சம் பார்க்கும் முறையே பொருந்தாத முறை. ஒவ்வொரு செயலுக்கும் அதனதன் எடை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தலைவர் சிறைக்குப் போன பிறகும் சத்யம் முழுகவில்லை. அரசு அமர்த்திய குழுவும், விட்டுப் போகாமல் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான ஊழியர்களும் அதைக் காப்பாற்றினார்கள். டெக் மகிந்திரா வாங்கியது. ராஜு இருந்தபோது கிடைத்த புகழில் அந்த ஊழியர்களின் பங்கு எவ்வளவு என்று அன்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

அப்படியானால் தலைவரைப் புகழவே கூடாதா? அதுவும் அநியாயம். திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் உண்டு, ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. ஒன்றை வைத்து மற்றொன்றை வள்ளுவர் அழித்துவிடவில்லை. காற்று அடித்தது என்று சொல்லி மனிதனின் முடிவுகளை மறைப்பது சோம்பேறித்தனம். புகழ வேண்டியது முடிவுகளை. அதிலும், வேறு சுலபமான வழி திறந்திருந்தும் கடினமானதைத் தேர்ந்த முடிவுகளை. மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்தது அந்த வகை. ஆனால் அதைவிட ஒரு படி மேலே வைக்கத்தக்க செயல் ஒன்று கைதட்டல் இல்லாமலே போனது. சிப் தயாரிக்கும் தொழிலில் சுமார் 70 கோடி டாலர் போடும் திட்டத்தை 2025இல் ஜோஹோ நிறுத்தி வைத்தது. அரசின் உதவியோடு நடக்க வேண்டிய தொழில் அது. தொழில்நுட்பத்தில் முழு நம்பிக்கை வராமல் மக்கள் வரிப்பணத்தை வாங்க விரும்பவில்லை என்பது வேம்பு சொன்ன காரணம். வெற்றி எதுவும் விளையாத முடிவு அது. கைராசிக் கணக்கில் அதற்கு இடமே இல்லை. அறக்கணக்கில் அதுதான் முன்வரிசையில் நிற்கும்.

கடினமான வழக்கு 2024 நவம்பரில் வந்தது. சென்னையில் பிறந்து நாஸ்டாக்கில் ஏறிய ஃபிரெஷ்வொர்க்ஸ் சுமார் 660 பேரை, அதாவது ஊழியர்களில் 13 சதவீதத்தினரை, வேலையிலிருந்து நீக்கியது. அதே சமயத்தில் 40 கோடி டாலருக்குத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கப்போவதாக அறிவித்தது. வேம்பு பெயர் சொல்லாமல் இதைப் பேராசை என்று கண்டித்தார். ஊர் உடனே இரண்டாகப் பிரிந்து ஒருவரை நாயகனாகவும் மற்றொருவரை வில்லனாகவும் ஆக்கியது. ஃபிரெஷ்வொர்க்ஸின் பக்கமும் ஒன்று உண்டு: 2021இல் பங்குச் சந்தையில் ஏறியபோது ஊழியர்களில் 500க்கும் மேற்பட்டோர் கோடீசுவரர் ஆனார்கள், ஏனென்றால் அவர்கள் கையில் பங்கு இருந்தது. ஜோஹோவின் பெரும்பங்கு வேம்பு குடும்பத்தாரிடமே இருக்கிறது. வேலையைப் பறிக்காதவர் மேலா, உடைமையைப் பகிர்ந்தவர் மேலா?

கையில் பணம் இருக்கும்போது ஆளை நீக்கிவிட்டுப் பங்கு வாங்குவது தவறு என்றே இக்கட்டுரை கருதுகிறது. வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பவருக்கு மாதச் சம்பளம் பங்கைவிடப் பெரிது. வெளி முதலீட்டாளர் இல்லாததால்தான் ஜோஹோவால் பொறுக்க முடிகிறது. அந்தச் சுதந்திரமும் ஒரு காலத்தில் விலை கொடுத்து எடுத்த முடிவின் பலன். ஆயினும் ஒரு குடும்பத்தின் நல்ல மனத்தில் தொங்கும் வேலைப் பாதுகாப்பு பாதுகாப்பே இல்லை. இது செராமிக் பட்டறையில் பிசிறு தட்டும் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். நல்ல முதலாளி தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார். அவர் மகன் கொடுப்பான் என்பதற்கு உறுதியில்லை. பி.எஃப். பிடித்தமும் இ.எஸ்.ஐ. அட்டையும் யார் முதலாளியானாலும் அவளுக்குச் சேர வேண்டியவை. தலைவரின் குணத்தைப் புகழ்ந்துகொண்டே இருக்கும் சமூகம் உரிமையைக் கேட்க மறந்துபோகும்.

புகழின் இன்னொரு கேடு எல்லை தாண்டுவது. 2025 அக்டோபரில், தடுப்பூசிகளை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய ஓர் அறிக்கையைப் பகிர்ந்து, பெற்றோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று வேம்பு எழுதினார். மருத்துவர்கள் கடுமையாக மறுத்தார்கள். தடுப்பூசி ஆட்டிசத்துக்குக் காரணமில்லை என்பது பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளைப் பார்த்துக் கண்ட முடிவு. மென்பொருள் எழுதத் தெரிந்தவருக்கு இதைப் பற்றிக் கருத்து இருக்கலாம். கேள்வி, அந்தக் கருத்துக்கு இவ்வளவு எடை எங்கிருந்து வந்தது என்பதுதான். எடையைக் கொடுத்தது கைதட்டியவர்கள். கிராமத்துச் செவிலியர் தடுப்பூசிப் பெட்டியோடு போகும் வீட்டில் ஒரு தாய் தயங்கினால், அந்தத் தயக்கத்தில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அவதூறுக்குப் பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொள்கிறோம். அளவு மீறிய புகழுக்கு மட்டும் பொறுப்பில்லை என்று சொல்லிவிட முடியாது.

இத்தனைக்கும் எதிராக ஒரு வாதம் இருக்கிறது. விருத்தாசலம் சந்திப்பில் சென்னை ரயிலுக்கு நிற்கும் பட்டதாரிக்கு, பெரிய ஊரை விட்டுச் சிறிய ஊருக்குத் திரும்பி வந்த ஒருவரின் கதை வேண்டும். அதைக் கீறிப் பார்த்துக் குறை கண்டுபிடித்தால் அவன் எதைப் பிடித்துக்கொள்வான்? இந்த வாதத்தைத் தள்ள முடியாது. நம்பிக்கை ஒரு சரக்குதான். ஆனால் அந்த நம்பிக்கை, நம்ம ஊருக்கும் ஒரு வேம்பு வரமாட்டாரா என்ற காத்திருப்பாக மாறும்போது வேலைக்கு ஆகாது. இந்த ஊரின் பீங்கான் தொழிலை எந்த நாயகனும் கொண்டுவரவில்லை. பக்கத்தில் மண் இருந்தது, ரயில் இருந்தது, அரசு தொழிற்பேட்டை அமைத்தது, பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி வைத்தது. வீட்டு மின்பலகையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்த இடத்தில் எம்.சி.பி. சுவிட்ச் வந்தது. ஊறுகாய் ஜாடியின் இடத்தில் பிளாஸ்டிக் வந்தது. குஜராத்தின் மோர்பி எரிவாயுச் சூளைகளோடு பெரிதாக வளர்ந்தது. இங்கே பல பட்டறைகளுக்கு மூச்சுத் திணறியது.

நாயகன் இல்லாத கதைக்கும் ஒரு குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: அதில் பதில் சொல்ல வேண்டியவரும் இல்லாமல் போகிறார். எல்லாம் காலத்தின் கோலம் என்று விட்டுவிட்டால், நவீனச் சூளை ஏன் அன்றே வரவில்லை, புதிய பொருளுக்கு மாறப் பட்டறைகளுக்கு யார் கைகொடுத்திருக்க வேண்டும் என்ற கேள்விகள் அனாதையாகிவிடும். எங்கோ ஒரு மேசையில் யாரோ ஒரு முடிவை எடுத்தார் அல்லது எடுக்காமல் விட்டார். ஜோஹோவின் தலைவரிடம் கேட்க வேண்டியதும் இந்த மேசைகளில் கேட்க வேண்டியதும் ஒன்றேதான்: உங்கள் கையில் இருந்தது எது, அதில் நீங்கள் செய்தது என்ன?

அந்தக் கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்பதற்குக்கூட நமக்குப் பழக்கம் போதவில்லை. 2025 ஜனவரி 27 அன்றே வேம்பு தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டுத் தலைமை விஞ்ஞானியாகிவிட்டார். அவ்விடத்துக்கு வந்தவர் நிறுவனத்தின் தொடக்ககாலத் தோழர்களில் ஒருவரான ஷைலேஷ் குமார் டேவி. அரட்டை உச்சத்துக்கு ஏறிய செப்டம்பரிலும், இறங்கிய நவம்பரிலும் நாற்காலியில் இருந்தவர் அவர்தான். வாழ்த்திய பதிவுகளிலும் திட்டிய பதிவுகளிலும் அவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது.